ஆறு மாநாடு கண்டவர்

தையல்காரர்: ...அதனால சொல்றேன், நம்ம கட்சியோட வரலாற்றை எவன் எழுதினாலும் என்னைத் தாண்டிட்டு எழுத முடியாது! இருபத்தி நாலு வருஷம். ஆறு தேசிய மாநாடு. ஆறுக்கும் இந்த வார்டோட பிரதிநிதி நான்தான்!

நர்ஸ்: அத்தான், வாயில குண்டூசி. முழுங்கிடப் போறீங்க.

தையல்காரர்: த்தூ... அது கிடக்கட்டும். காலையில போட்ட ஓட்டை எண்ணியாச்சா இல்லையா?

நர்ஸ்: எண்ணிக்கிட்டு... இருக்காங்க.

தையல்காரர்: மொத்தமே நாப்பத்தோரு ஓட்டு. அதை எண்ண இவ்வளவு நேரமா? பொண்டாட்டியோட தங்கச்சியாச்சேன்னு பாக்குறேன். என்னை எதிர்த்து நிக்க உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?

நர்ஸ்: அக்காவைக் கேட்டுட்டுத்தான் நின்னேன்.

தையல்காரர்: அவ என்ன சொன்னா?

நர்ஸ்: "தாராளமா நில்லு, அந்த மனுஷன் மாநாட்டுல குடுக்குற பையை வைக்க வீட்டுல இடமில்லை"ன்னா.

தையல்காரர்: அவளுக்கு என்ன தெரியும்? முதல் மாநாடு திறந்தவெளி... மழையில நனைஞ்சோம். மூணாவது தகரக் கொட்டகை, வெந்துட்டோம். போன தடவை ஏசி மண்டபம், விறைச்சுப் போயிட்டேன். கட்சி எவ்வளவு வளர்ந்திருக்கு பாரு!

நர்ஸ்: தீர்மானம் எல்லாம்?

தையல்காரர்: ஏகமனதா நிறைவேறும்.

நர்ஸ்: எந்தத் தீர்மானம்?

தையல்காரர்: எதுவா இருந்தாலும்.

நர்ஸ்: விளையாடாதீங்க அத்தான். நம்ம வார்டு ஆஸ்பத்திரியை நாலு மணிக்குப் பூட்டிடுறாங்க. மில்லு விட்டு வர்றவங்க ஆறு மணிக்கு வந்து பூட்டைப் பாத்துட்டுப் போறாங்க. நேத்து ஒருத்தி, இடுப்புல குழந்தை, நெருப்பாக் கொதிக்குது... சாவி இல்லாம, உள்ள இருந்தே கேட் கம்பி வழியா கையை விட்டுத்தான் நாடி பாத்தேன்.

தையல்காரர்: அடப் பாவமே...

நர்ஸ்: மேடையில சுகாதார மந்திரி இருப்பாரு. வார்டுக்கு ரெண்டு நிமிஷம் பேச்சு உண்டு. இதைச் சொல்லத்தான் நான் நின்னேன்.

தையல்காரர்: உண்டு, உண்டு. வார்டு பேரைக் கூப்பிடுவாங்க. எழுந்து மைக்குக்குப் போகணும். மூவாயிரம் பேர் திரும்பிப் பாப்பாங்க... மூவாயிரம் தலை...

நர்ஸ்: ஏன் வேர்க்குது உங்களுக்கு?

தையல்காரர்: ஃபேன் சரியில்லை.

நர்ஸ்: போன தடவை ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசினேன், மந்திரியே கண்கலங்கிட்டாருன்னு சொன்னீங்களே?

தையல்காரர்: அது... தூசி விழுந்திருக்கும். திரும்பி நில்லு.

நர்ஸ்: எதுக்கு?

தையல்காரர்: தோள் சரியா உக்காருதான்னு பாக்கணும்.

நர்ஸ்: இது மாநாட்டுக்குப் போறவங்க போடுற கோட்டு ஆச்சே! உங்களுக்குன்னு தச்சதா? இதுக்குள்ள உங்க தொப்பையில பாதிகூட நுழையாதே!

தையல்காரர்: உன் யூனிபார்ம் அளவு என்கிட்டதானே இருக்கு. முந்தாநாளே வெட்டிட்டேன்.

நர்ஸ்: முந்தாநாளா? ஓட்டே இன்னிக்குத்தானே...

தையல்காரர்: அசையாதே, குத்திடும்.

நர்ஸ்: அத்தான்... எண்ணி முடிச்சாச்சு. உங்க மூஞ்சியைப் பாத்ததும் சொல்ல வாய் வரலை. நான் ஜெயிச்சுட்டேன்.

தையல்காரர்: எத்தனை?

நர்ஸ்: நாப்பத்தொண்ணுக்கு நாப்பத்தொண்ணு.

தையல்காரர்: அப்போ உன் அக்காவும் எனக்குப் போடலை!

நர்ஸ்: அவளை விடுங்க. நீங்களே உங்களுக்குப் போட்டுக்கலையே! ஏன் அத்தான்?

தையல்காரர்: நீ பேசுவே. கம்பிக்குள்ள கையை விட்டவ, மைக்கைப் பாத்தா பயப்படுவியா? அந்தப் பூட்டு உன்னாலதான் திறக்கும். போயிட்டு வா.

நர்ஸ்: அப்போ நீங்க பேசினதையும் கொஞ்சம் சொல்லுங்க. அதுக்கு மேல நான் பிடிச்சுக்குறேன்.

தையல்காரர்: ஆறு மாநாட்டுலயும் நம்ம வார்டு பேரைக் கூப்பிட்டப்போ நான் கக்கூஸ்ல இருந்தேன்.