பாறையில் வளர்ந்த சுண்ணாம்பு

“சுண்ணாம்பு வளருமா மதினி?”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் மோட்டாரில், எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்களில் இளையவள் கேட்டாள். புரட்டாசிச் சனிக்கிழமை, இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றின் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்.

“எதுக்குட்டி கேக்க?”

“மலைப்படி ஓரத்துப் பாறையில வெள்ளையா ஒரு வட்டம் இருக்குல்லா. மூத்தவ வயித்துல இருக்கையில பாத்தேன். எங்க வீட்டுக்காரவியதான் வெத்தல போட்டுட்டுச் சுண்ணாம்பு வெரலத் தொடச்சிட்டாவன்னு நெனச்சு, பெருமாள் பாறையிலயான்னு வஞ்சுட்டேன். அன்னையோட வெத்தலைய விட்டுட்டாவ. அப்பம் அரையணா தண்டி இருந்தது, இன்னைக்கு வளையல் தண்டி இருக்கு.”

“சுரண்டிப் பாத்தியா?”

“நகத்துக்கு வரல. செம்புத் தண்ணிய ஊத்துனேன். பாத்துக்கிட்டு இருக்கையிலயே பச்சையாயிட்டு மதினி. ஓரமெல்லாம் பூவேலை செஞ்சாப்ல இருக்கு, நடுவுல கடுகு கடுகாக் கிண்ணம். எம்புட்டு அழகு.”

“அது பாசிட்டி. மசாலாவுல போடுதோம்லா கல்பாசி, அதுக்குச் சொந்தம். வெறுங்கல்லுல ஒட்டிக்கிட்டு, வெயில்ல காஞ்சு கெடந்து, மழை பேஞ்சா முழிச்சுக்கிடும்.”

“மண்ணு கேக்கல, உரம் கேக்கல. அதப் போய்ச் சுண்ணாம்புன்னுட்டேன்.”

ராஜபாளையத்தில் மோட்டாரின் முன்பலகை இருக்கையிலிருந்து அவள் கணவர் இறங்கினார். அவளும் இறங்கி, பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கி, தானே சுண்ணாம்பு தடவி மடித்து அவரிடம் நீட்டினாள். அவர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

விரலில் மிச்சச் சுண்ணாம்பு இருந்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மோட்டாரின் பக்கத் தகரத்தில் தடவிவிட்டு நடந்தாள்.