கொலோன் போட்டுத் துடைத்த எண்

— இழுக்காதீங்க! உம்மு ஹம்தி, மேல இழுக்கவே கூடாது!

— கத்தாதீங்க உஸ்தாத். நான் இன்னும் கையே வைக்கல.

— அந்த விசிறிக்கு அடியிலதான் கம்ப்யூட்டரோட ப்ராசஸர் இருக்கு. வெடுக்குனு தூக்கினா பசையோட சேந்து அதுவும் பிடுங்கிட்டு வந்துடும். அதுக்கு ஊசி ஊசியா நூத்துக்கணக்குல கால். ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு.

— அன்ஃபூஷி மீன் சந்தையில இருபது வருஷமா ஒரு கால் முறியாம நண்டு பிரிச்சுக் குடுக்குறவ நான். என்கிட்டயா ஊசிக் கால் கதை?

— சரி, சரி. பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைச்சிருக்கோம், பசை இளகியிருக்கும். கொக்கியைக் கழட்டியாச்சா? லேசா இப்படியும் அப்படியும் திருகுங்க.

— திருகுறேன்... அசையுது... வந்துடுச்சு! விசிறி என் கையில, உங்க ப்ராசஸர் அது இடத்துல.

— அல்ஹம்துலில்லாஹ்.

— மேல என்னமோ சாம்பல் நிறத்துல அப்பியிருக்கு. கணவா மீன் மையாட்டம்.

— அதுதான் பசை. பஞ்சுல கொலோன் தொட்டுத் துடைங்க. மெதுவா.

— சவரம் பண்ணிட்டுப் போடுற கொலோனை இதுக்குக் கொட்டணுமா? இவ்வளவு பாடு எதுக்கு, திரையில போட்டுப் பாத்தா தெரியாதா?

— கண்ணில்லாதவன் வீட்டுல திரை எதுக்கு இருக்கு?

— அதுவும் சரிதான். வித்தவன்கிட்ட கேக்கலாம்ல?

— அத்தாரீன் பழைய சாமான் சந்தையில வாங்கினது. அவன் போட்ட சத்தியத்துக்கு இது ராக்கெட்டையே ஓட்டணும். உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க் வட்டு செத்துப்போனதும் ரிப்பேர் கடைக்காரன் ஒருத்தன், திறந்துகூடப் பாக்காம, பழசு, தூக்கிப் போடுன்னான்.

— நாலாம் மாடிப் பொண்ணு காலேஜ்லேருந்து வரட்டும், அது படிக்கும். எனக்கு அரபி எழுத்தே தெரியாது, இதுல இங்கிலீஷு!

— அது வர சாயங்காலம் ஆகும். பார்வையில்லாதவங்க சங்கத்துல ரெண்டு மணி வரைக்கும்தான் ஆள் இருப்பாங்க. பேசுற ப்ரோக்ராமையும் டைப் அடிக்கிற வேலையையும் யாருக்குக் குடுக்கிறதுன்னு இன்னைக்கே முடிவு பண்றாங்க. உங்க மிஷின்ல எந்த ப்ராசஸர் இருக்குன்னு சொல்லுங்கன்னுட்டாங்க. நீங்க படிக்க வேண்டாம். பாத்ததை அப்படியே என் உள்ளங்கையில வரைங்க. இருபது வயசு வரைக்கும் நான் பாத்த எழுத்துதான்.

— உள்ளங்கையிலயா? இருங்க, வாசக்கதவு திறந்திருக்கான்னு பாக்குறேன். புருஷன் செத்தவ உங்க கையைப் பிடிச்சிருந்தா மூணாம் மாடிக்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

— திறந்துதான் இருக்கு, காத்து வருது. வரைங்க.

— முதல்ல கூடாரம் மாதிரி. நடுவுல ஒரு கட்டை.

— ஏ.

— அடுத்தது ரெண்டு மலை பக்கத்துல பக்கத்துல. அப்புறம் பாதியா வெட்டின ரொட்டி.

— எம். டி. அப்ப கம்பெனி தெரிஞ்சுது. கீழ?

— மறுபடி கூடாரம். அப்புறம் சிலுவை மாதிரி ஒண்ணு. அப்புறம் முதுகு உசந்த நாற்காலி...

— ஏ, டி, ஹெச்... அத்லான்! உம்மு ஹம்தி, இது அத்லான்!

— நல்லதா?

— அந்த ரக ப்ராசஸர்ல பழசும் உண்டு, புதுசும் உண்டு. அந்தப் பேருக்குப் பக்கத்துல ஏதாச்சும் இருக்கா?

— ஒண்ணுமில்லையே.

— ஒண்ணுமே இல்லையா?

— ஏன் முகம் இப்படிச் செத்துப்போகுது? இருங்க, ஓரத்துல பசை இன்னும் கிடக்கு. கொலோனைக் குடுங்க... ம். இருக்கு. இது எழுத்து இல்ல. எண்ணு. என் மொபைல் பட்டன்ல இருக்கிற மாதிரியே.

— வாயால சொல்லாதீங்க. கையில போடுங்க.

— முதல்ல வயிறு பெருத்தது, இந்தா. அடுத்தது இப்படி, இப்படி, ஒரே கோடா கீழ.

— ஆறு... நாலு. இன்னொரு தடவை.

— ஆறு. நாலு. என்ன, சந்தேகமா?

— அல்லாஹ் மேல ஆணையா?

— மீன் விக்கிறவதான் நான். ஆனா அழுகினதை நல்ல மீனுன்னு இதுவரைக்கும் உங்களுக்குக் குடுத்திருக்கேனா?

— கோவிச்சுக்காதீங்க. அறுபத்திநாலு இருந்தாத்தான் அந்த ப்ரோக்ராம் ஓடும். உங்ககிட்ட வேணும்னேதான் சொல்லல. எந்த எண் வேணும்னு தெரிஞ்சிருந்தா, என் மனசு நோகக் கூடாதுன்னு நீங்க அதையே வரைஞ்சிருப்பீங்க.

— வரைஞ்சிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்.

— போனைக் குடுங்க... ஹலோ, சங்கமா? ஷவ்கி பேசுறேன், பஹரீலேருந்து. ஆமா, தொழிற்சாலையில டெலிபோன் ஆபரேட்டரா இருந்தேனே, அதே ஷவ்கி. அறுபத்திநாலுதான். கையால தொட்டுப் படிச்சேன்... வட்டும் நீங்களே தர்றீங்களா? சனிக்கிழமையேவா?... உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்!

— கிடைச்சுதா?

— கிடைச்சுது. கோர்ட் விசாரணையைக் காதுல கேட்டு டைப் அடிக்கணும். அடிச்சதை மிஷின் எனக்குத் திருப்பிப் படிச்சுக் காட்டும். ஆறு வருஷமா சும்மா கிடந்த விரல், உம்மு ஹம்தி!

— அழுதா அழுங்க, நான் பாக்கல. கொலோன் நெடி எனக்கும் கண்ணைக் கரிக்குது.

— இப்ப என் அக்காவுக்குப் போன் போடுங்க. வியாழக்கிழமை தன்தா ஊருலேருந்து வண்டியோட வந்து, தன் வீட்டோடயே வெச்சுக்க என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா. வர வேண்டாம்னு சொல்லணும்.

— அவங்க வர மாட்டாங்க. செவ்வாக்கிழமையே நான் பேசிட்டேன்.

— நீங்களா? செவ்வாக்கிழமை இந்தப் பெட்டி தேறுமான்னே தெரியாதே!

— பெட்டியைப் பத்தி யாரு பேசினா? உஸ்தாதுக்கு இங்கயே கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு சொன்னேன்.

— யா ரப்பி! அக்கா என்ன கேட்டா?

— பொண்ணு பேரு கேட்டாங்க. நபவியான்னு சொன்னேன்.

— நபவியாவா? யாரு அது?

— பதினோரு வருஷமா என் மகன் பேரை வெச்சே என்னைக் கூப்பிடுறீங்களே உஸ்தாத், எனக்குன்னு ஒரு பேரு இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?