தண்ணி அண்ணன் வரைந்த ஏழு மரங்கள்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் கனத்த மனத்தோடு வீற்றிருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, மகளே, மருத்துவமனைத் தெருவிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம். கட்டடப் பிரிவின் தலைமைப் பொறியாளன் நான். அழுதுவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆகவே வேகமாகப் பேசுகிறேன்.

முப்பது ஆண்டுகள் நம் அலுவலகத்தின் ஓவியராக இருந்தவர், போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். கட்டப்போகும் கட்டடம் எப்படி இருக்கும் என்று நீர்வண்ணத்தில் முன்கூட்டியே வரைந்து காட்டுவது அவர் வேலை. நாங்கள் அவரைத் தண்ணி அண்ணன் என்றோம். காலை முதல் மாலை வரை தண்ணியிலேயே இருப்பார். ஆனால் ஒரு சொட்டு குடித்தவரில்லை! இந்தக் கேலிக்கு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

எப்படிப்பட்ட கலைஞர்! அவர் பெட்டியில் வெள்ளை வண்ணமே கிடையாது. சுவரில் விழும் வெயில் என்பது அவர் தொடாமல் விட்ட தாள். வண்ணம் காய்ந்தபின் மாற்ற வழியில்லை. அதனால் எதையும் கேட்டுவிட்டுத்தான் தூரிகையை நனைப்பார். மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வரைந்தபோதும் என் மேசைக்கு வந்து கேட்டார்.

"வாசல்ல இருக்கிற ஏழு மரமும் நிக்குமா சார்? நிக்கும்னா மட்டும் போடுறேன்."

"நிக்கும்ணே, தைரியமா போடுங்க" என்றேன்.

மற்றவர்கள் மரம் என்றால் பச்சையை அப்பிவிட்டுப் போவார்கள். இவரோ நான்கு நாள் வாசலில் உட்கார்ந்து, சாய்ந்த மரத்தைச் சாய்ந்தபடியே, பட்டை உரிந்ததை உரிந்தபடியே வரைந்தார். கட்டடத்துக்குத் தெருவின் சம்மதம் கேட்ட கூட்டத்தில் அந்தப் படத்தை மாட்டினோம். மூன்றாவது மரத்தடியில் கடை போட்டிருந்த தையற்காரர் தன் மரத்தை அடையாளம் கண்டு, முதல் ஆளாகச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். பின்னாலேயே தெருவும் போட்டது. அடுத்த மாதம் ஏழு மரங்களையும் வெட்டினோம். வண்டிகள் நிறுத்த இடம் போதவில்லை.

தையற்காரர் அலுவலகத்துக்கு வந்தார். எல்லோர் முன்னாலும் அண்ணனைத்தான் கேட்டார்.

"உங்க கையை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்?"

அண்ணன் வாய் திறக்கவில்லை. இரண்டு மேசை தள்ளி நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அன்றுமுதல் சாகும்வரை, பதினோரு மாதம், அவர் தூரிகையைத் தொடவில்லை. தெருவில் ஏமாற்றுக்காரன் என்றார்கள். அதே மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் மகளின் காதிலும் அது விழுந்தது. தெரிந்துதான் வரைந்தாயா என்று அவள் அப்பாவைக் கேட்டாளாம். அதற்கும் அவர் பதில் சொல்லவில்லை என்று அண்ணி நேற்று அழுதார்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் என் வேலை போயிருக்கும். எனக்காகவா அந்த மனிதர் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அன்பர்களே, அவர் என் மேசைக்கு வந்து கேட்ட அன்றே, மரங்கள் இல்லாத வரைபடம் என் இழுப்பறையில் இருந்தது. மரம் நிற்காது என்றால் தெரு சம்மதிக்காது. தெரிந்தேதான் பொய் சொன்னேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி கூறச் சொன்னார்கள். எனக்கு வரையத் தெரியாது. பின்கட்டடத்துக்காக இன்னும் நான்கு மரங்களை வெட்டக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளில் என் கையெழுத்து விழாது. இப்போது சொன்ன அத்தனையும் எழுதி இன்று காலை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

மகளே, உன் அப்பா தெரிந்து வரையவில்லையம்மா. இந்த ஒன்றை அவர் காது கேட்கச் சொல்ல எனக்குப் பதினோரு மாதம் இருந்தது.