குழாய்க்குக் கீழே எடுத்த தண்ணீர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆணையர் அவர்களே, பொறியாளர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஆற்றங்கரைத் தாய்மார்களே, முதல் வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே! வணக்கம். சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் மென்று விழுங்க மாட்டேன்.

நம் ஆய்வகத்தின் மூத்த மாதிரி சேகரிப்பாளரை இழந்து நிற்கிறோம். நமக்கெல்லாம் அவர் பென்சிலக்கா. அவர் கொண்டுவரும் தண்ணீரைச் சோதிப்பவன் நான். ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்ததும் இடத்தையும் நேரத்தையும் அதில் ஒட்டும் சீட்டில் பென்சிலால்தான் எழுதுவார். “பேனான்னா நனைஞ்சதும் அழிஞ்சிடும் தம்பி. அழிக்கிறதுக்குத்தான் மேல ஆபீஸ்ல ஆள் இருக்காங்களே!” என்பார். இருபத்திரண்டு ஆண்டுகள், செவ்வாய் தவறாமல் ஆற்றில் இறங்கியவர்!

மூன்றாண்டுகளுக்கு முன் ஆற்றைச் சீரமைத்தோம். நடைபாதை போட்டோம், பெஞ்சு போட்டோம், விளக்குக் கம்பம் நட்டோம். சாக்கடைக் குழாயை மட்டும் அப்படியே விட்டோம்! அதோடு நின்றோமா? சாக்கடை கலப்பதற்கு முன்னாலேயே, பாலத்தடியில் மாதிரி எடுத்தால் போதும் என்று பட்டியலை மாற்றினோம். வண்டி நிறுத்த வசதியாம்! ஒரே வாரத்தில் ஆறு சுத்தமாகிவிட்டது. இதே அரங்கில் கைதட்டினோமே, மறந்துவிட்டதா?

பென்சிலக்கா மறக்கவில்லை. பாலத்தடியில் ஒரு பாட்டில், குழாய்க்குக் கீழே இன்னொரு பாட்டில் எடுத்தார். அங்கேதான் இந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அங்கேதான் மீன்கொத்தி நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மீன் இல்லாமல் பறந்து போனது. “அந்த இடம் பட்டியல்ல இல்லையேக்கா” என்றேன். “பட்டியல்லயா தம்பி குளிக்கிறாங்க?” என்றார்.

அங்கே இறங்கும் படிகள் இடிந்து கிடக்கின்றன. கைப்பிடி கேட்டு நான்கு முறை எழுதிக் கொடுத்தார். நான்கையும் மேலே அனுப்பினேன். நான்கும் அங்கேயே தூங்குகின்றன. சென்ற செவ்வாய் காலை அந்தப் படியில்தான் வழுக்கி விழுந்தார். விசாரணை அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? ‘அனுமதி இல்லாத இடத்தில், பணியில் இல்லாதபோது இறந்தார்.’ பணியில் இல்லாதபோதா! உயிர் போன பிறகும் அவர் கையில் பாட்டில் உடையாமல் இருந்ததே! மூடி இறுகியிருந்ததே!

அந்தப் பாட்டில் எங்கே என்று அவர் மகள் நேற்று கேட்டாள். நான் நழுவினேன். இப்போது சொல்கிறேன், கேள் அம்மா. அது ஆய்வகத்துக்கு வந்ததும், பட்டியலில் இல்லாத தண்ணீர் என்று, பழக்க தோஷத்தில், கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். ஆமாம், பழக்கம்! மூன்றாண்டுகளாக அக்காவின் இரண்டாவது பாட்டில் அத்தனையையும் அப்படித்தான் ஊற்றினேன். “முடிவு வந்துச்சா தம்பி?” என்று வாரா வாரம் கேட்பார். “வரும்க்கா” என்பேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேடையில் இருக்கும் உங்களுக்கு இல்லையா?

சீட்டை மட்டும் உரித்து வைத்திருந்தேன். இதோ! ‘குழாய்க்குக் கீழே. ஏழு பத்து.’ நனைந்த சீட்டு, எழுத்து அழியவில்லை. உன் அம்மா பணியில்தான் இருந்தார் என்பதற்கு இது சாட்சி. வாங்கிக்கொள் அம்மா.

ஆணையர் அவர்களே, அந்த அறிக்கையைத் திருத்துங்கள். அந்தக் குழாயை மூடுங்கள். நாளை செவ்வாய். ஏழு பத்துக்கு அதே படியில் நான் இறங்குவேன். அந்தத் தண்ணீரைச் சோதித்து, கையெழுத்துப் போட்டு, முதலில் இந்தத் தாய்மார்களிடம் கொடுப்பேன். உங்கள் மேசைக்கு அப்புறம்தான் வருவேன்.

முடிவு வரும்க்கா. இந்த முறை நிஜமாகவே வரும்.