ஷீனாவுக்கான ஸ்தோத்திரம்

மலைக் குளிருக்குத் தொண்டை கட்டுவது சகஜம். அதனால், என் தங்கை ஷீனா மூன்று மாதம் மேடை ஏறமாட்டாள், தொண்டைக்கு ஓய்வு என்று நான் அறிவித்தபோது யாரும் சந்தேகப்படவில்லை. மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லி நாலாயிரம் பேர் எழுதினார்கள். நல்ல ஜனங்கள்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

எங்கள் அப்பா வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, ஷீனாவுக்கு ஒன்பது. எனக்கு வந்த இரண்டு வரன்களையும் வேண்டாம் என்றேன். சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றவளைச் சென்னைக்கு அனுப்பி, பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒலிக்கிற பாட்டுக்காரியாக்கியது நான். பாடுவது அவள் வேலை, மற்றதெல்லாம் என் பொறுப்பு. என்ன உடுத்துவது, பேட்டியில் எதற்குச் சிரிப்பது, இன்ஸ்டாகிராமில் எதைப் போடுவது என்று எல்லாவற்றையும் ஏற்காட்டில் உட்கார்ந்தபடி நானே முடிவு செய்தேன். அவள் கணக்கின் பாஸ்வேர்டு அவளுக்கே தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது.

ஜூன் மாதம் அவள் ஊருக்கு வந்தாள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. போர்வையை விட்டுத்தான் எழவில்லை. சீப்பைக் கையில் எடுத்தால் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, மேடையை நெனச்சாலே எங்கியாச்சும் ஓடி ஒளிஞ்சுக்கலாம்னு இருக்குது. எனக்குப் பாட்டு வேண்டாங்க்கா. இங்கயே ஊட்டுல இருந்துக்கறேன்."

"நொம்ப அலைச்சல் கண்ணு, அவ்வளவுதான். தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிரும்," என்றேன்.

சரியாகவில்லை. யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி முகத்தைத் துணியால் மூடி, சேலத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் அவளைக் கவனிக்கவில்லை என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். அவர் கொடுத்த மாத்திரையில் ஆறு வாரத்தில் ஷீனா சிரித்தாள். வேலைக்கு வரும் கண்ணாயியிடம் ராகிக்களி கேட்டு வாங்கித் தின்றாள். அன்று சமையலறையில் நின்று சந்தோஷத்தில் அழுதேன்.

ஆனால் முகம் ஊதிவிட்டது. செப்டம்பரில் புதுப் பாட்டுக்குப் படப்பிடிப்பு. டாக்டருக்குப் போன் செய்தேன். முகம் எப்படி இருந்தாலும் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். அவருக்கென்ன, கேமரா முன்னால் நிற்கப்போவது அவரா? காலையும் இரவும் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பது நான்தான். அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் மருந்துக்கடையில் கிடைத்தது. அதை வைத்தேன். முகம் வடிந்தது. படப்பிடிப்பும் நல்லபடியாக முடிந்தது.

அதன் பிறகு அவள் பழையபடி படுத்துக்கொண்டாள். பழையதைவிட மோசம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"மாத்திரை தின்னும் இப்பிடித்தான் இருக்குதுன்னா, இனி எனக்கு எதுவுமே கேக்காதுங்க்கா," என்றாள்.

பொறுத்துக்கொள் என்றேன். கண்ணாயி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க அம்மிணி, புள்ள மூஞ்சியே செரியில்லீங்க. மறுக்கா அந்த டாக்டருகிட்டக் காட்டுங்க," என்றாள். வெளியில் போய் வாயைத் திறந்துவிடுவாளோ என்று பயந்து, அவளை ஒரு மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் சர்ச் வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. நோய் நொடி, பரீட்சை, கல்யாணம் என்று அவரவர் தேவையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். முன்பெல்லாம் போதகர் ஜாபெஸ்தான் பெட்டியைத் திறந்து, ஞாயிறு ஆராதனையில் வாசித்து, சபையாரை ஜெபிக்கச் சொல்வார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. மூன்று வருடமாக நான்தான் சீட்டுகளை எடுத்து, ஒரே தாளில் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். சென்னையிலேயே இருந்த ஷீனாவுக்கு இது தெரியாது. பெட்டியில் போட்டது நேராகப் போதகர் கைக்குப் போகும் என்று நம்பிவிட்டாள்.

அக்டோபரில், பாட்டு வெளியான வாரம், சனிக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தேன். அவள் சீட்டு இருந்தது. 'எனக்கு உயிரோடு இருக்கவே பயமாக இருக்கிறது. ஈவ்லின் அக்காவிடம் சொன்னால் காதில் வாங்கமாட்டாள். யாராவது வந்து என்னை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஷீனா.'

சபையில் முன்னூறு பேர். முன்னூறு பேர் கையிலும் போன். நான் வேறு என்ன செய்ய முடியும்? விண்ணப்பத்துக்குப் பதில் அவள் பெயரில் ஒரு நன்றியறிதல் எழுதினேன்.

மறுநாள் போதகர் வாசித்தார். "நம்ம ஷீனாவோட புதுப் பாட்டை அம்பது லட்சம் பேரு பாக்கும்படியா கிருபை செஞ்ச ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம்." சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. சிலர் கைதட்டினார்கள்.

ஷீனா எனக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தாள். முதலில் போதகரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, அவர் கையிலிருந்த தாள் யாருடையது என்று தெரிந்துகொண்டவளாக என்னைப் பார்த்தாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்தாள். உதடு பிரியாமல், தலையை லேசாகச் சாய்த்து, நான் கற்றுக்கொடுத்த சிரிப்பு. அத்தனை பேர் முன்னால் உடைந்துபோகாமல் இருந்தாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை நான் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் அவள் உயிரை விட்டுவிட்டாள். அன்று மாலையே, தூக்கத்தில் மாரடைப்பு என்று அவள் கணக்கில் நான் போட்டேன்.

அவள் உடம்பில் அந்த மருந்து துளியும் இல்லை என்று அறிக்கை வந்திருப்பதாகச் சொன்னீர்கள். சரிதான். ஆகஸ்டிலிருந்து இல்லை. நிறுத்தியது நான். அவள் உதவி கேட்டதைப் படித்ததும் நான், அதை யாருக்கும் எட்டாமல் செய்ததும் நான். மூன்றையும் அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

நேற்று உங்கள் ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. என் பைபிளுக்குள்ளிருந்து அவள் சீட்டை எடுத்து, இதை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டீர்கள். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள், அம்மா; மை கலைந்திருப்பதைப் பாருங்கள். அதைப் போய்க் கிழிக்க எனக்கென்ன கல்நெஞ்சா?