நாலாவது இடம், பதினோராவது இடம்

— "மார்ச் பதினான்கு, சனிக்கிழமை. பன்னிரண்டாவது பந்தயம். முதலில் ஒரு சிறு பிழையை ஒப்புக்கொள்கிறேன். மஞ்சள் மிதவைக்குப் பக்கத்தில் 'இடம்' என்று கத்தியது நான்தான். அடுத்த படகை ஒதுங்கி வழிவிடச் சொல்லிக் கத்தினேன். கேப்டன் அதை இடதுபக்கம் திருப்பு என்று எடுத்துக்கொண்டார். படகு மிதவையில் முட்டியது." கேப்டன் நீங்கதான, இதுவரைக்கும் சரியா டாக்டர்?

— 'சிறு' எண்டதை அடியுங்கோ பிள்ளை. முப்பத்தெட்டு வருஷம் பல்லுப் பிடுங்கினனான். தப்பான பல்லைப் பிடுங்கிப்போட்டு சிறு பிழை எண்டு எழுதேலுமோ?

— அந்தப் பொண்ணு அப்பவே மூஞ்சி சுருங்கிப் போயி ஒக்காந்திருக்கு. விடுங்க லா டாக்டர்.

— இல்ல செல்லம்க்கா, சரியா எழுதணும். நான் போட்ட லிஸ்ட்டுதான் காரணம். பாருங்க. நாலாவது வரி: இடம், இடதுபக்கம் திருப்பு. பதினோராவது வரி: இடம், வழி விடு. ரெண்டையும் நானே எழுதி, நானே லாமினேட் பண்ணி, பாய்மரத்துல ஒட்டியிருக்கேன். மூணு வாரமா அது அங்கதான் இருக்கு. ஒருத்தரும் பாக்கல.

— லிஸ்ட்ட கொற சொல்லாத. அது வர்றதுக்கு முன்னாடி டாக்டர் இடதுபக்கத்துக்கு ஒரே மூச்சுல போர்ட்டு, கிரி, இடம்னு மூணு பாஷையில சொல்வாரு. நான் மூணு தடவ கயித்த இழுத்துடுவேன்.

— அவசரத்தில எந்தப் பாஷை வாயில வருதோ அதுதான் வரும் செல்லம்.

— ஒரு நேரத்துல ஒண்ணு வரட்டும் டாக்டர்.

— மணி ஆறு பத்து ஆயிடுச்சு. ஏழு மணிக்குள்ள இந்த ஃபார்மை பந்தய ஆபிஸ்ல குடுக்கணும். அப்புறம் அங்க இருக்குற அதிகாரி என்சிக் நோன்பு தொறக்கக் கெளம்பிடுவாரு.

— அவர் என்னதான் கேக்கிறார்? வடிவாச் சொல்லுங்கோ பிள்ளை.

— அஞ்சு படகு ஓடிச்சு. நம்ம கிளப் ஹேமநாதன் அண்ணன் படகோட சேத்து நாலு படகும் மஞ்சள் மிதவையில முட்டிடுச்சு. நீரோட்டம் இன்னிக்கு அப்படி. முட்டினா உடனே அங்கயே ஒரு முழுச் சுத்து சுத்திட்டுத்தான் மேல போகணும். அதான் தண்டனை. நாலு பேரும் சுத்தல. நாலும் அவுட்.

— நம்ம?

— நாம முட்டினதை ஒருத்தர் பாத்திருக்காரு. நாம சுத்தினதை இன்னொருத்தர் பாத்திருக்காரு. எது முதல்ல, எது பின்னாலன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. அதத்தான் எழுதிக் கேக்குறாங்க. முட்டினப்புறம் சுத்தியிருந்தா, ரேஸை ஒழுங்கா முடிச்சது நாம மட்டும்தான். முதலிடம்.

— சுத்தினாப்பிறகு முட்டியிருந்தா?

— நாமளும் அவுட் டாக்டர். இது சீசன்ல கடைசி ரேஸ். ஒண்ணுகூட முடிக்காத படகை அடுத்த சீசன் சேத்துக்க மாட்டாங்க.

— பதினோரு வாரத்துல ஒண்ணுகூடவா முடிக்கல? ஒண்ணு முடிச்சோம்ல லா, மழை வந்த அன்னிக்கு.

— அது இழுத்துட்டு வந்தாங்கக்கா. என் குறிப்புப் புத்தகத்துல இருக்கு, வாசிக்கட்டா? "முதல் வாரம்: புறப்படும் கோட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் வாரம்: முன்னால் போன படகைப் பின்தொடர்ந்தோம். அது நண்டு வலை எடுக்கப் போன படகு. நான்காம் வாரம்: மூவருடைய போனிலும் 'சிங்கப்பூருக்கு நல்வரவு' என்று செய்தி வந்தது. பிறகு ரோந்துப் படகும் வந்தது. ஏழாம் வாரம்: தண்ணீர் வற்றிச் சேற்றில் நின்றோம். சிப்பி பொறுக்க வந்தவர்கள் நம்மைத் தாண்டிப் போனார்கள்."

— நடந்து போனாங்க. நாம படகுல நின்னோம். அதுல வயசான ஒரு மக்சிக் நம்மளப் பாத்து, தள்ளி விடட்டுமான்னு கேட்டா பாரு.

— "ஒன்பதாம் வாரம்: கறிபஃப் டப்பா கடலில் விழுந்தது. திரும்பிப் போய் எடுத்தோம்."

— நல்ல டப்பா லா அது. மூடி இறுக்கமா இருக்கும்.

— "பதினோராம் வாரம்: மிதவையில் முட்டினோம். முட்டினால் சுற்ற வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது."

— போதும் பிள்ளை. இண்டைக்கு என்ன எழுதி வச்சிருக்கிறீங்க?

— "சுற்றியது, நாலு பன்னிரண்டு. முட்டியது, நாலு பதிமூன்று."

— மாத்தி எழுது. அவ்வளவுதான.

— பேனாவுல எழுதிட்டேன்கா.

— பேனாவுல எழுதினா அது என்ன கல்லா? சரி, இப்படி யோசி. நாம ஏன் சுத்துனோம்? இந்த ரேஸ் பூராவும் மிதவைப் பந்த இடமாத்தான் சுத்தச் சொல்றாங்க. எந்தக் கோயில்ல யாரு இடமா சுத்துவா? அதுக்குத்தான் ஒவ்வொரு பந்துகிட்ட வர்றப்பவும் நின்ன எடத்துலயே வலமா ஒரு சுத்து சுத்தி மன்னிப்பு கேட்டுட்டுப் போவோம்னு மொத வாரமே சொன்னேன். டாக்டரும் திருப்பினாரு.

— நான் சாமிக்காகத் திருப்பேல்லை. காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கத் திருப்பினனான். அதை எழுதிக்கொள்ளுங்கோ.

— ஒவ்வொரு மிதவையிலயுமா டாக்டர்?

— காத்து மாறும் பிள்ளை.

— பன்னெண்டு வாரமும் மாறுச்சு பாரு. ரூபி, கேளு. தப்பு செஞ்சா ஒரு சுத்து. சாமிகிட்டயும் அதான், இவங்க ரூல்லயும் அதான். நாம முன்கூட்டியே கேட்டுட்டோம். அட்வான்ஸா கேட்ட மன்னிப்பு செல்லாதா?

— ரூல்ல 'முட்டிய பிறகு'ன்னு போட்டிருக்குக்கா.

— போன வாரம் முட்டினோம்ல? அதுக்குப் பிறகுதான இன்னிக்கு சுத்தினோம்?

— போன வாரம் முட்டினதுக்கு இந்த வாரம் சுத்தினதுன்னா... அது ஒருவேளை... இல்லக்கா, செல்லாதுன்னு நெனைக்கிறேன். ஒரு நிமிஷம், ரூல் புக்குல பாக்குறேன். இல்ல. 'உடனே'ன்னு இருக்கு.

— நான் சொல்றதை எழுதுங்கோ. "முன்பக்கம் இருந்தவர் தவறான கட்டளை கொடுத்ததால் படகு மிதவையில் முட்டியது. கேப்டன் உடனே படகை ஒரு முழுச் சுற்று சுற்றினார்." அவ்வளவுதான். வலிக்காது.

— முதல் வாக்கியத்தை எழுதுறேன் டாக்டர். அது என் தப்பு. ரெண்டாவது வாக்கியம் நடக்கல.

— அப்ப படகு வேண்டாமோ உங்களுக்கு?

— வாரம் பூரா தெப்ராவ்ல கிடங்குல நின்னு பெட்டி எண்ணுறேன். சாயங்காலம் கிளாஸ்ல முன் பெஞ்சுல ஒக்காந்தே தூங்கிடுறேன். சனிக்கிழமை அந்தப் படகு முன்னாடி ஒக்காந்திருக்கும்போதுதான் முழுசா முழிச்சிருக்கேன். எனக்கு வேணும் டாக்டர். ஆனா நாலு பன்னெண்டுன்னு எழுதிட்டு, அதை நாலு பதினாலுன்னு மாத்தினா, அதுக்கு முன்னாடி எழுதின பதினோரு வாரத்தையும் யாரு நம்புவா?

— அந்தப் பதினோரு வாரத்த யாரும் நம்பாம இருந்தா நமக்கு நல்லதுதான லா.

— நான் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி கையெழுத்துப் போட்டுடுறேன். தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சா உங்க ரெண்டு பேரையும் வேற ஆளோட சேத்துக்கிட்டாலும் சேத்துக்குவாங்க. சரியா தெரியல. கேட்டுப் பாக்குறேன். அடுத்த சீசனுக்கு முன்பக்கம் வேற யாரையாவது பாத்துக்கங்க டாக்டர்.

— ம். அதுவும் ஒரு வழிதான்.

— என்னது ஒரு வழி? டாக்டர், நான் படகுல எந்தப் பக்கம் பாத்து ஒக்காருவேன்?

— இது என்ன கேள்வி?

— சொல்லுங்க லா.

— பின்பக்கம் பாத்து.

— ரூபி?

— அவ முன்பக்கம் பாத்து.

— அப்ப அது பாக்காத ஒண்ண நான் பாப்பேன்ல?

— செல்லம், வேண்டாம்.

— நான் வாயே தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். இந்தப் பொண்ணு படக விட்டுப் போறேங்குது, நீங்க அதுவும் ஒரு வழிங்கிறீங்க. ரூபி, நீ இடம்னு கத்தினியா?

— கத்தினேன்கா.

— இவரு இடதுபக்கம் திருப்பலடி. எந்தப் பக்கமும் திருப்பல. சுக்கானே இவரு கையில இல்ல.

— கையில இல்லையா? அப்ப கை எங்க இருந்துச்சு?

— நெஞ்சுகிட்ட. ரெண்டும். சேத்து வச்சிருந்தாரு. கண்ணும் மூடியிருந்துச்சு. படகு பாட்டுக்கு பந்துமேல போயி ஒக்காந்துச்சு.

— டாக்டர், நிஜமாவா?

— எனக்கு நீந்தத் தெரியாது பிள்ளை.

— எனக்குந்தான் தெரியாது. அதுக்கு?

— எனக்கும் தெரியாதே. நீங்க ரெண்டு பேரும் நீந்துவீங்கன்னுதான் நான் சேந்தேன்.

— நான் டாக்டர நம்பி லா சேந்தேன்.

— நான் லைஃப் ஜாக்கெட்டை நம்பினனான். முதல் வாரம் அந்த மிதவைக்குக் கிட்டப் போகேக்க நீரோட்டம் இழுத்துது. செல்லம் சுத்தச் சொன்னா எண்டு ஒருக்கா சுத்தினனான். ஒண்டும் ஆகேல்லை. பிறகு சுத்தாமப் போகப் பயமாக் கிடந்தது. இண்டைக்கு இழுப்பைப் பாத்தவுடனே சுத்து மட்டும் போதாது எண்டு பட்டுது. கை தன்பாட்டில எழும்பிட்டுது.

— இத மொதல்லயே சொன்னா என்னவாம்?

— ஃபார்மை நோட்டீஸ் போர்டில ஒட்டுவாங்கள். வீட்டில நிர்மலா அறிஞ்சா? முப்பத்தொரு வருஷமா அவவைக் கோயில் வாசல்ல இறக்கிவிட்டுட்டு கார்ல இருந்து பேப்பர் வாசிக்கிறனான். சாமியும் இல்லை, ஒண்டும் இல்லை எண்டு எத்தனை தரம் சொல்லியிருப்பன்.

— பிரசாதச் சுண்டல மட்டும் கார் கண்ணாடி வழியா வாங்கித் தின்னுவீங்களாமே. அவங்களே சொன்னாங்க.

— அது கடலை செல்லம். அதில சாமி இல்லை.

— மணி ஆறு நாப்பது.

— ஃபார்மை இங்க தாங்கோ பிள்ளை. நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். ரெண்டு கட்டம்தானே இருக்கு? சுத்தினதுக்குக் காரணம், முட்டினதுக்குக் காரணம். மலாய்ல எழுத வேணுமே. பயத்துக்கு என்ன செல்லம்?

— தாக்குட்.

— சுத்தினதுக்கு, தாக்குட். கும்பிடுறதுக்கு?

— செம்பாயாங்.

— முட்டினதுக்கு, செம்பாயாங். நேரத்தையும் உங்கட புத்தகத்தில உள்ளபடியே போடுறன். நாலு பன்னெண்டு, நாலு பதிமூண்டு. கொண்டுபோய்க் குடுங்கோ.

— டாக்டர், முதலிடம் போயிடும். படகும் போயிடும்.

— தெரியும். ஓடுங்கோ, அவர் கிளம்பிடப் போறார்.

— பாத்துப் போ ரூபி, ஜெட்டிப் பலக வழுக்கும். நீங்க செஞ்சது நல்லது டாக்டர். ஆனா நிர்மலாக்கா உங்களக் கொன்னுடுவாங்க.

— கொல்ல மாட்டா. சிரிப்பா. அதுதான் கஷ்டம்.

— இந்தா வந்துடுச்சு பொண்ணு. என்னாச்சு? மூச்சு வாங்கிட்டுச் சொல்லு.

— வாசிச்சாரு. மறுபடியும் வாசிச்சாரு. அப்புறம், ரெண்டு கையையும் விட்டுட்டாரான்னு கேட்டாரு. ஆமான்னேன். நானும் அந்த மிதவைகிட்ட துவா சொல்லுவேன், ஆனா ஒரு கையாலன்னாரு.

— தீர்ப்பு?

— நாமளும் அவுட் டாக்டர்.

— அலமாக்.

— இருங்கக்கா, முடிக்கல. அஞ்சு படகும் அவுட். ஒருத்தர்கூட முடிக்கலன்னா அந்த ரேஸே நடக்கலன்னு கணக்காம். நாளைக்கு காலையில எட்டு மணிக்கு அஞ்சு படகும் திரும்ப ஓடணும். ரெண்டு தடவ கேட்டு உறுதிப்படுத்திட்டேன். ஹேமநாதன் அண்ணன் நமக்கு கை குடுத்தாரு. அப்புறம் ஃபார்மை போட்டோ எடுத்து கிளப் குரூப்ல போட்டுட்டாரு.

— குரூப்பிலயோ? நிர்மலா இருக்கிறாவே அதில.

— பாத்துட்டாங்க. பதிலும் போட்டிருக்காங்க டாக்டர். வாசிக்கட்டா?

— வாசியுங்கோ. எப்பிடியும் கேக்கத்தானே வேணும்.

— "நாளைக்கு டாக்டரை ஜெட்டி வாசல்ல இறக்கிவிட்டுட்டு நான் கார்லயே இருந்து பேப்பர் வாசிக்கிறேன்."

— ஆஹா. முப்பத்தொரு வருஷமா எடுத்து வச்சிருந்திருக்காங்க லா.

— சிரிக்காதேங்கோ செல்லம். பிள்ளை, உங்கட புத்தகத்தில முதல் வரியை அடியுங்கோ. பிழை உங்களுடையது இல்லை.

— முழுசா அடிக்க மாட்டேன் டாக்டர். ஒரே வார்த்தைய ரெண்டு வரியில எழுதினது என் தப்புதான். கேப்டன் அதைத் திருப்புன்னு எடுத்துக்கிட்டார்னு எழுதினதை மட்டும் அடிச்சிடுறேன்.

— நாளைக்கு அதே மஞ்சப் பந்துதான லா? அதே இழுப்புதான?

— அதேதான்கா. எட்டு மணிக்கு இன்னும் வேகமா இருக்குமாம்.

— நான் நாளைக்கு கையை எடுக்க மாட்டன்.

— எடுப்பீங்க டாக்டர். எனக்குத் தெரியாதா? ரூபி, என்ன எழுதுற? எங்களுக்கும் வாசி.

— "நாளை, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. மறுபந்தயம். என் வேலை: பட்டியலில் பதினோராவது வரியை 'வழி' என்று மாற்ற வேண்டும். மஞ்சள் மிதவை நெருங்கும்போது நான் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வந்து சுக்கானைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேப்டனுக்கு இரண்டு கைகளும் தேவைப்படும்."