வித்தியாசம் ஒன் பை ஃபோர்

இல்ல வாட்ச்மேன்ணா, நான் வேலை கேட்டு வரல. உள்ள பேக்கிங்ல தாமரைச்செல்வின்னு ஒரு பொண்ணு போன வாரம் சேந்தா. அவள வெளிய கூப்புடுங்க, போதும். அய்யோ, வீட்ல யாரும் சாவலணா. கணக்கு விஷயம். சிரிக்காதீங்க.

டவுன்ல எங்க கோச்சிங் சென்டர்ல இலவச சீட்டுக்கு டெஸ்ட் வெச்சாங்க. ஒரே சீட்டு. திருத்துனது கம்ப்யூட்டரு. இன்டக்ரேஷன்ல ஒரு கணக்கு, அவ சைன் ஸ்கொயர் எக்ஸ் பை டூன்னு போட்டா. கம்ப்யூட்டர்ல இருந்த விடை மைனஸ் காஸ் டூ எக்ஸ் பை ஃபோர். தப்புன்னு அடிச்சிருச்சு. சீட்டு போச்சு, இங்க வேலைக்கு வந்துட்டா. ஆனா ரெண்டும் ஒண்ணுதாணா!

எப்பிடியா? உங்க பேட்ஜ்ல கே. இராமதாஸ்னு இருக்கு. பேங்க்ல இராமதாஸ் கே.ன்னு இருந்தா? ஆளு வேறன்னு திருப்பி அனுப்பிருவான்ல. பாத்தீங்களா, நீங்களே அலைஞ்சிருக்கீங்க.

நேத்து அதே சாஃப்ட்வேர்ல ரெண்டையும் கழிச்சு, சுருக்கச் சொல்லி அமுத்துனேன். எக்ஸே காணோம். வெறும் ஒன் பை ஃபோர். கடைசில பிளஸ் ‘சி’ன்னு போடுவோம், அது எந்த நம்பரா வேணா இருக்கலாம், அதுக்குள்ள இது போயிரும். சென்டர் நடத்துற விஜயராகவன் சார்ட்ட காட்டுனேன். மெஷின் தப்பு பண்ணாதும்மான்னாரு. மெஷின் பண்ணல சார், ரெண்டும் ஒண்ணான்னு அதக் கேக்காம விட்டது நீங்கன்னேன். சாஃப்ட்வேர விட சீக்கிரமா சாரு மூஞ்சி சுருங்கிருச்சு. அப்புறம் ஒரு நோட்டீஸ் பின்னாடி அவரே போட்டுப் பாத்தாரு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவள அழைச்சிட்டு வா, சீட்ட அவ பேருக்கு மாத்திடறேன், நாளைக்கு வந்தா முடியாதுன்னுட்டாரு.

ஃபோன் பண்றதா? அதத்தான் நீங்க கேட்லயே வாங்கி வெச்சிடுறீங்களே. ஷிப்டு முடியட்டும்னா எப்பிடி? பிரெஞ்சு பட்டாளத்து சொல்தா மாதிரி வெறப்பா நிக்காதீங்கணா.

பிரெண்டுலாம் இல்ல. அவகிட்ட பேசுனதுகூட இல்ல.

எனக்கென்ன வந்துச்சா? அவ யோசிச்சுப் போட்டா, தப்பு. இன்னொரு பொண்ணு புக்ல இருந்தத ஒப்பிச்சு மைனஸ் காஸ்னு போட்டா, ரைட்டு. அந்தக் கணக்குலதான் அந்த இன்னொரு பொண்ணுக்கு சீட்டு கெடச்சுது.

சீட்டு போச்சேன்னு அந்தப் பொண்ணு சண்டைக்கு வருவாளான்னா? வர மாட்டாணா. இந்த வெயில்ல அவதான் உங்க கேட்ல நின்னு கத்திட்டிருக்கா.